அப்பாவின் மடிக்கணினியை எறிய முன்னர்

இரண்டாம் தலைமுறைப் பிள்ளைகளான எங்களுக்கு வீட்டில் ஒரு சம்பளமில்லாத வேலை இருக்கிறது. கந்தோர்க் கடிதத்தை வாசித்துச் சொல்வதும் நாங்கள்தான், கணினி திருத்துவதும் நாங்கள்தான். அப்பாவின் மடிக்கணினியில் விண்டோஸ் 10இன் ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிகிறது என்ற அறிவிப்பு வந்தபோதும் என்னைத்தான் கூப்பிட்டார். விண்டோஸ் 11 அதில் ஏறாது: செயலி பழையது, டிபிஎம் 2.0உம் இல்லை. அப்பா புதியது வாங்கக் காசு எண்ணத் தொடங்கிவிட்டார்.

நன்றாக ஓடும் கணினியை ஏன் எறிய வேண்டும்? லினக்ஸ் போடலாம் என்றேன். ஆனால் "விண்டோஸை அழி, லினக்ஸைப் போடு" என்று சொல்லும் நண்பர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் சொந்தக் கணினியில் அப்படித்தான் அவசரப்பட்டேன். வைஃபை வேலை செய்யவில்லை. கைபேசியைக் கம்பியால் இணைத்துத்தான் அதற்குரிய இயக்கியை இறக்கினேன். எனக்கு அது ஒரு பாடம். அப்பாவுக்கு நடந்திருந்தால் லினக்ஸ் என்ற பெயரையே பிறகு கேட்டிருக்க மாட்டார்.

ஆகவே முதலில் சோதியுங்கள். லினக்ஸ் மின்ட், உபுண்டு போன்றவற்றை ஒரு யூஎஸ்பியில் எழுதி, எதையும் நிறுவாமல் அதிலிருந்தே கணினியைத் தொடக்கலாம். வைஃபை, ஒலி, கமரா, தொடுபலகை, அச்சுப்பொறி எல்லாவற்றையும் பாருங்கள். மூடியை மூடித் திறந்தால் விழிக்கிறதா? தமிழ்99 விசைப்பலகையில் எழுத முடிகிறதா? வரி விபரம் அனுப்பும் எல்ஸ்டர் உலாவியிலேயே ஓடும். அப்பாவுக்கு வேறு மென்பொருள் ஏதும் தேவையா என்று அவரிடமே கேளுங்கள். எல்லாம் சரி என்றாலும், படங்களை வெளி வட்டில் பிரதி எடுக்காமல் நிறுவலில் கை வைக்காதீர்கள். ஏதாவது சரிவராவிட்டால் அவசரம் வேண்டாம். ஐரோப்பியப் பொருளாதார வலய நாடுகளில் மைக்ரோசொஃப்ட் கணக்கோடு பதிந்தால், ஆதரவு முடிந்த 2025 ஒக்டோபரிலிருந்து ஒரு வருடத்துக்குப் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் இலவசம்.

இன்னொரு விஷயம். ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்திலுள்ள டூபிங்கனில் படித்த மத்தியாஸ் எட்ரிச் என்ற மாணவர், சாதாரண ஆட்களும் பாவிக்கக்கூடிய லினக்ஸ் திரை வேண்டும் என்று கேடிஈ திட்டத்தை அறிவித்தார். அது 1996 ஒக்டோபர் 14. விண்டோஸ் 10 ஓய்வுபெற்றதும் அதே திகதியில்தான்!

அப்பாவின் கணினியில் இப்போது ஓடுவது அந்தக் கேடிஈதான். எண்ணிய காசு வங்கியிலேயே இருக்கிறது. "இதில் என்ன மாறியது?" என்று அப்பா கேட்கிறார். அப்படிக் கேட்கும்படி மாற்றிக் கொடுப்பதுதான் எங்கள் வேலை.