மாத்திரையால் வரும் சோர்வு

சேரிப் பிள்ளை வகுப்பில் தூங்கினால் "இதுங்களுக்குப் படிப்பு ஏறாது" என்று சொல்லிவிடுகிறார்கள். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குச் சிகிச்சை பெறும் பிள்ளையென்றால் காரணம் மாத்திரையாகவும் இருக்கலாம். அதில் தரப்படும் எத்தியோனமைடு தைராய்டு சுரப்பைக் குறைக்கக்கூடியது. சோர்வு, மலச்சிக்கல், முக வீக்கம் வரும். கவனிக்காமல் விட்டால் வளர்ச்சியே தடைபடும். (வழக்கமான ஆறு மாதக் காசநோய்ச் சிகிச்சையில் இந்த மருந்து இல்லை. யாரும் பயந்து மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.)

கண்டுபிடிக்க டி.எஸ்.எச். ரத்தப் பரிசோதனை போதும். லெவோதைராக்சின் கொடுத்துக்கொண்டே காசநோய்ச் சிகிச்சையைத் தொடரலாம். எத்தியோனமைடை நிறுத்திய பிறகு பெரும்பாலும் சரியாகிவிடும்.

பள்ளிப்பட்டுப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிள்ளையைத் திருவள்ளூருக்கு அழைத்துப்போனால் தாய்க்கு ஒரு நாள் கூலி போச்சு. ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே ரத்தம் எடுத்து மாதிரியை மட்டும் அனுப்பலாமே? சிகிச்சை தொடங்கும்போது ஒருமுறை, பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை. முடிவை வகுப்பாசிரியருக்கும் சொல்லட்டும், பெற்றோர் சம்மதித்தால்.