சொடக்குத் தக்காளியை யார் அழைப்பது?

பாலோ வட்டாரச் செம்பனைத் தோட்ட ஓரங்களில் தானே முளைக்கும் சிறு செடி அது. காகிதக் கூடு போன்ற உறைக்குள் ஓர் உருண்டைப் பழம். உறையை நெற்றியில் அடித்தால் 'டப்' என்று வெடிக்கும். மலாயில் 'லெத்துப்-லெத்துப்', இடைநிலைப்பள்ளி சென்ற நம்மில் பலருக்கு அந்தப் பெயர்தான் தெரியும். தமிழில் சொடக்குத் தக்காளி. இரு மொழியும் ஓசையைக் கேட்டே பெயர் வைத்துள்ளன!

'தக்காளி' என்பதே முன்பு இதற்கும் மணத்தக்காளிக்கும் உரிய பெயர். பின்னர் வந்த சிவப்புப் பழத்தைச் சீமைத்தக்காளி என்றனர். நாளடைவில் 'சீமை' உதிர்ந்தது. மெக்சிகோவிலும் இதே கதை. அங்குள்ள நாவாட்டல் மொழியில் 'தோமாட்ல்' என்றால் இச்செடியின் உறவான, உறை மூடிய பச்சைக்காய். ஸ்பானியர் அப்பெயரைச் சிவப்புப் பழத்துக்குச் சூட்டினர். பச்சைக்காய்க்கு மிஞ்சியது 'தோமாத்தில்லோ', அதாவது சின்னத் தக்காளி.

நண்பர்களே, பெயர் இடம் மாறலாம், சொல்வாரின்றி மறையக்கூடாது. தோட்டங்களை விட்டு நாம் வெளியேறிவிட்டோம். பெயர்கள் பாட்டிமார்களிடம்தான் உள்ளன. விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் ஐந்து செடிப்பெயர்களைக் கேட்டு எழுதி வாருங்கள். அடுத்த மலரில் அவற்றை அச்சேற்றுவோம்.