நல்ல வீடு யாருக்குக் கிடைத்தது?

தொழிலாளர் குடும்பங்களுக்குக் காற்றும் வெளிச்சமும் உள்ள வீடு வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டு லண்டன் உண்மையாகவே விரும்பியது. காலரா அந்த விருப்பத்தை அவசரமாக்கியது. அமெரிக்க வணிகர் ஜார்ஜ் பீபாடி 1862இல் 1,50,000 பவுண்டு கொடுத்து ஓர் அறக்கட்டளை அமைத்தார். மறு ஆண்டே சிட்னி வாட்டர்லோ, முதலீட்டாளர்களுக்கு 5 விழுக்காடு ஈவுத்தொகையை இலக்காக வைத்து ஒரு வீட்டு நிறுவனம் தொடங்கினார். உறுதியாகக் கட்டினார்கள், அந்தக் கட்டடங்கள் பலவற்றில் இன்றும் மக்கள் குடியிருக்கிறார்கள். பிழை கணக்கில்தான் இருந்தது. போட்ட பணம் வாடகையாகத் திரும்ப வேண்டுமென்றால், வாரந்தவறாமல் கூலி வாங்கும் குடும்பம்தான் குடிவர முடியும். பீபாடி குடியிருப்பில் வாடகையை முன்கூட்டியே கட்ட வேண்டும், பாக்கி வைக்கக்கூடாது, வேலை கொடுத்தவரின் சான்றும் வேண்டும். இன்றைக்கு வேலை உண்டா என்று தினமும் காலையில் துறைமுக வாயிலில் காத்து நின்ற கூலித் தொழிலாளி இவற்றுக்கு எங்கே போவார்?

அறக்கட்டளைகளால் முடியாததை மாநகர அரசு செய்திருக்கலாமே என்று கேட்கலாம். கிழக்கு லண்டனின் ஓல்டு நிக்கல் சேரியை லண்டன் கவுன்டி கவுன்சில் இடித்தது. இடிபாடுகளையே மேடாக்கி, நடுவில் பூங்கா வைத்து, சுற்றிலும் அழகிய செங்கல் குடியிருப்புகளை எழுப்பி 1900இல் திறந்தது. வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 5,700 பேர். புதிய வீடுகளில் குடியேறியவர்கள் அவர்களில் 11 பேர். இங்கும் செலவை வாடகையே ஈடுகட்ட வேண்டியிருந்தது. ஓரளவு வசதியானவர்கள் புது வீட்டுக்குப் போனால் அவர்கள் விட்ட வீடு ஏழைக்குக் கிடைக்கும் என்பது அன்றைய சமாதானம். அந்த வீடு காலியாகும்வரை ஏழை எங்கே காத்திருப்பார்? பக்கத்துத் தெருக்களின் நெரிசலான அறைகளுக்குள் மேலும் நெருக்கிக்கொண்டுதான் போனார்கள்.

இந்தக் கணக்கை மாற்றியது வியன்னா. 1923இல் மாநகர நிதிப் பொறுப்பாளர் ஹியூகோ பிரைட்னர் கொண்டுவந்த வீட்டு வரி, பெரிய மாளிகைகளிடம் மிக அதிகமாகவும் சிறு வீடுகளிடம் மிகக் குறைவாகவும் வசூலித்தது. கட்டுமானச் செலவை வரிப்பணம் ஏற்றது. வாடகை பராமரிப்புக்கு மட்டும் போனது. அதனால் தொழிலாளியின் வருமானத்தில் சுமார் 4 விழுக்காடே வாடகையாயிற்று. 1934க்குள் 60,000க்கும் மேற்பட்ட வீடுகள் எழுந்தன. முதல் உலகப் போருக்குப் பின் நிலம் மலிவாகக் கிடைத்ததால்தான் இது சாத்தியமாயிற்று என்பார்கள். உண்மைதான், ஆனால் நில விலை விழுந்ததற்கு வாடகைக் கட்டுப்பாடு ஒரு முக்கியக் காரணம், அதுவும் அரசின் முடிவே. கருவூலம் தாங்காது என்ற அச்சத்துக்கும் வியன்னாவே பதில்: அன்று கடன் சுமையின்றிக் கட்டிய வீடுகளில் தலைமுறைகள் வாழ்ந்துவிட்டன, மாநகராட்சி அவற்றை விற்கவில்லை, இன்று அதனிடம் சுமார் 2,20,000 குடியிருப்புகள் உள்ளன.