மழையைச் சொன்னார்கள், ஆற்றைச் சொன்னார்களா?

'வானிலை அறிக்கையில் மழை என்றால் குடையை வீட்டில் வைத்துவிட்டுப் புறப்படலாம்' என்ற ஹாஸ்யத்தை நம் பத்திரிகைகள் எத்தனை முறை அச்சிட்டிருக்கின்றன! நானே அதை ஒரு கதாபாத்திரத்தின் வாயில் வைத்து நாலு பேரைச் சிரிக்க வைத்தவன்தான். இன்று அந்தச் சிரிப்புக்காக வெட்கப்படுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. திருச்செந்தூரிலிருந்து புறப்பட்ட ரயில் சுமார் 800 பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்தின் நடுவே நின்றுவிட்டது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஏரல் வெளியுலகத் தொடர்பே அற்றுக் கிடந்தது. எச்சரிக்கை போதவில்லை என்று மாநில அரசும், முன்கூட்டியே சொன்னோம் என்று மத்திய அரசும் பிறகு வாதாடின.

அந்தப் பக்கத்தில் ஓர் ஆச்சியிடம் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டே வாக்கியங்களில் அந்த வழக்குக்கு அவள் தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "மழ வரும்னுதான் சொன்னாவ. ஆறு வீட்டுக்குள்ள வரும்னு ஒருத்தரும் சொல்லலியே, ஐயா!"

அறிக்கையின் பாஷையைக் கொஞ்சம் கவனியுங்கள். 'ஓரிரு இடங்களில் அதி கனமழை பெய்யக்கூடும்.' எந்த ஓரிரு இடங்கள்? ஆச்சியின் தெரு அதில் சேர்த்தியா, இல்லையா? ஒரு நாளில் 20 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே பெய்தாலும் 'அதி கனமழை'தான். 95 பெய்தாலும் அதே வார்த்தைதான். முன்னது முற்றத்தை நனைத்துவிட்டுப் போகலாம்; பின்னது வீட்டையே கொண்டுபோகும். ஒரு சதுர கிலோமீட்டர் நிலத்தில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஒரு கோடி லிட்டர் தண்ணீர். 95 சென்டிமீட்டருக்குக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

'ஐயா, வானத்தின் அந்தரங்கத்தை அங்குலம் அங்குலமாக யாரால் சொல்ல முடியும்?' என்று விஞ்ஞானி கேட்பார். நியாயமான கேள்வி. நான் அவரோடு சண்டைக்குப் போகவில்லை. என் சண்டையெல்லாம் தரையில் இருப்பவர்களோடு. பாபநாசம் அணையிலிருந்தும் மணிமுத்தாறு அணையிலிருந்தும் எவ்வளவு தண்ணீர் திறக்கப்படுகிறது என்பது வான ரகசியமா? அது இன்ன ஊருக்கு வர எத்தனை மணி நேரம் ஆகும், எந்தத் தெரு தாழ்வு, எந்தப் பள்ளிக்கூடம் மேடு என்பவை ரகசியமா? எல்லாம் அளந்து சொல்லக்கூடிய சங்கதிகள்தாமே!

'விநாடிக்கு இத்தனை ஆயிரம் கன அடி திறக்கப்படும். கரையோர மக்கள் பாதுகாப்பான இடங்களுக்குச் செல்லவும்' என்கிறார்கள். கன அடியை வைத்துக்கொண்டு ஆச்சி என்ன செய்வாள்? 'ராத்திரி 10 மணிக்குள் உன் திண்ணை வரை தண்ணீர் வரும். இப்போதே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விடு' என்று சொல்லுங்கள், அவள் போவாள். 2023-ல் வெள்ளம் ஏறிய மட்டத்தைத் தெருவுக்குத் தெரு சுவரில் சாயக்கோடாக இழுத்து வையுங்கள், எழுத்தறியாதவர்களும் படித்துக்கொள்வார்கள்.

மழையைச் சொன்னதோடு கடமை முடிந்துவிடாது. தண்ணீரையும் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு, மாடி வீட்டில் உட்கார்ந்து குடை ஹாஸ்யத்தை ரசித்த நமக்கும் இருக்கிறது. சிரித்தது போதும், இனியாவது கேட்போம்.