அடுத்த விமானம் உண்டா?

சிங்கப்பூரில் சொகுசுக் கப்பல் ஏறப்போகும் நம்மூர்க் குடும்பங்களுக்குள் சத்தமில்லாமல் ஒரு போட்டி நடக்கிறது. விமான டிக்கெட்டை யார் குறைந்த விலைக்கு எடுத்தார்கள் என்பதுதான் போட்டி. ஜெயித்தவருக்கு வாட்ஸாப் குழுவில் மாலை மரியாதை. அவர் சொல்வதெல்லாம் உடனே வேதவாக்காகிவிடும். செவ்வாய்க்கிழமை நள்ளிரவில் தேடினால் விலை இறங்குமாம். கோலாலம்பூர் வழியாகத் துண்டு துண்டாக எடுத்தால் பாதி விலைதானாம். கப்பல் கிளம்பும் நாளிலேயே போய் இறங்கினால் ஹோட்டல் செலவும் மிச்சமாம். இந்த வேதத்துக்கெல்லாம் அடிப்படை ஒரே நம்பிக்கை: திரையில் எந்தத் தொகை சிறியதோ அதுவே மலிவு. ஊர் சுற்றப் போகிறவருக்கு இது ஓரளவு பொருந்தும். கப்பல் ஏறப் போகிறவருக்கு இது சுத்த அபத்தம்.

செவ்வாய்க்கிழமைக் கதையை முதலில் முடித்துவிடுவோம். விமான நிறுவனம் ஒரே வகுப்பு இருக்கைகளைப் பல விலைப் பிரிவுகளாகப் பிரித்து வைத்திருக்கிறது. அடிமட்ட விலையில் சில இருக்கைகள்தான் இருக்கும். அவை தீர்ந்ததும் அடுத்த விலை வரும். எந்தப் பிரிவை எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதைத் தேவையையும் மீதமுள்ள நாட்களையும் பார்த்துக் கணினி தீர்மானிக்கிறது. அதற்குச் செவ்வாயும் ஒன்றுதான், வெள்ளியும் ஒன்றுதான். விலையை ஏற்றுவது நம் கோடை விடுமுறை, தீபாவளி, பொங்கல், சிங்கப்பூரில் ஜூன் மாதத்திலும் ஆண்டு இறுதியிலும் வரும் பள்ளி விடுமுறை ஆகியவை. பலருக்குத் தெரியாத இன்னொரு சங்கதியும் உண்டு. நான்கு பேருக்குச் சேர்த்துத் தேடும்போது அடிமட்ட விலையில் இரண்டு இருக்கைகள்தான் இருந்தால், பெரும்பாலும் நால்வருக்கும் மேல்விலையே காட்டப்படும். ஒருமுறை ஒருவருக்கு மட்டும் தேடிப் பார்த்தால் இது புலப்பட்டுவிடும். நள்ளிரவில் கண்விழிப்பதைவிட இது உருப்படியான வேலை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம். விமானம் ஐந்து மணி நேரம் தாமதமானால், ஊர் சுற்ற வந்தவருக்கு ஒரு மாலைப் பொழுது போகும். கப்பல் ஏற வந்தவருக்கு விடுமுறையே போகும். கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரம், சில கப்பல்களில் ஒன்றரை மணி நேரம் முன்பே செக்-இன் முடிந்துவிடும். அதற்குப் பிறகு மெரினா பே கப்பல் முனையத்தில் நின்று கெஞ்சினாலும் பயனில்லை. வராதவருக்குப் பணத்தைத் திருப்பித் தருவதாக எந்தக் கப்பல் நிறுவனமும் பொதுவாக ஒப்புக்கொள்வதில்லை. 2024 மார்ச்சில் ஆப்பிரிக்கத் தீவான சாவோ தோமேயில் என்ன நடந்தது என்று பாருங்கள். தீவைச் சுற்றிப் பார்க்கப் போய்த் தாமதமாகத் திரும்பிய எட்டுப் பயணிகளை நார்வீஜியன் டான் கப்பல் ஏற்றிக்கொள்ளவில்லை. கடலோரக் காவல் படை படகில் அழைத்துச் சென்றும் மறுப்புதான் கிடைத்தது. நாடு நாடாக அலைந்து செனகலின் டக்கார் துறைமுகத்தில்தான் அவர்கள் மீண்டும் ஏறினார்கள். ஏற்கெனவே கப்பலில் இருந்தவர்களுக்கே இந்தக் கதி.

கோலாலம்பூர் தந்திரத்தைப் பார்ப்போம். சென்னையிலிருந்து அங்கே ஒரு டிக்கெட், அங்கிருந்து சிங்கப்பூருக்கு வேறு நிறுவனத்தில் இன்னொரு டிக்கெட். இரண்டும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால், முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது தவறும்போது மாற்று ஏற்பாடு செய்வது நிறுவனத்தின் பொறுப்பு. தனித்தனியாக எடுத்தால் நீங்கள் வராத பயணி, அவ்வளவுதான். அதே டிக்கெட்டில் திரும்பி வரும் பயணமும் இருந்தால் சில நிறுவனங்களில் அதுவும் சேர்ந்தே ரத்தாகும். நடுவே குடியேற்றச் சோதனையைக் கடந்து, பெட்டியை எடுத்து, மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். மலிவு விமானத்தின் அடிப்படைக் கட்டணத்தில் பல நேரம் கைப்பை மட்டுமே அடங்கும். பெட்டிக்கான கட்டணத்தை இரண்டு விமானங்களிலும் தனித்தனியாகக் கட்ட வேண்டும். பாதி விலை என்று தொடங்கியது முக்கால் விலையாக முடியும், பொறுப்பு மட்டும் முழுவதும் நம் தலையில்.

அன்றைக்கே போய் இறங்கும் சாமர்த்தியத்துக்கு நம் வானிலையே பதில் சொல்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் நாட்கணக்கில் மூடிக்கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலுக்காக மூடினார்கள். 2024 நவம்பர் 30 அன்று ஃபெங்கல் புயலுக்காக மூடினார்கள். நம் வடகிழக்குப் பருவமழையும் சிங்கப்பூரின் ஆண்டு இறுதி விடுமுறையும் ஒரே காலத்தில் வருகின்றன. வானம் தெளிவாக இருந்தாலும் கடிகாரம் ஏமாற்றும். பறக்கும் நேரம் சுமார் நான்கு மணி. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். காலை ஒன்பது மணிக்குச் சென்னையில் கிளம்பினால் அங்கே இறங்கும்போது பிற்பகல் மூன்றரையாவது ஆகும். மாலைக் கப்பலுக்கு அதற்கு மேல் எவ்வளவு நேரம் மிஞ்சும்?

ஐரோப்பாவில் கப்பல் ஏறுவோருக்கு இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. விளம்பரத்தில் லண்டன் என்று இருக்கும், கப்பல் நிற்பது நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியுள்ள சவுத்தாம்ப்டனில். மலிவு விமானமோ பல சமயம் ஸ்டான்ஸ்டெட்டில் இறக்கிவிடும். அது லண்டனுக்கு வடகிழக்கே, துறைமுகம் தென்மேற்கே. ரோம் என்றால் சிவிடவெக்கியா, பாரிஸ் என்றால் லெ ஹாவ்ர். பெரிய கப்பல்கள் வெனிஸ் நகருக்குள் நுழைய 2021இல் தடை வந்தபின், வெனிஸ் பெயரில் விற்கப்படும் சில பயணங்கள் ராவென்னாவிலிருந்து கிளம்புகின்றன. விமானக் கட்டணத்தோடு ரயில், டாக்ஸிக் கட்டணத்தையும் கூட்டிப் பார்க்காதவர் பாதிக் கணக்கோடு நிற்கிறார்.

சிங்கப்பூரில் ஹோட்டல் அறை என்ன விலை தெரியுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அங்கே ஒரு இரவுத் தங்கல் நடுத்தரக் குடும்பத்துக்குச் சுளீரென்று உறைக்கும். எல்லாரும் எப்போதும் முந்தைய நாளே போக வேண்டும் என்று நானும் சொல்லவில்லை. பிப்ரவரியில் சென்னையிலிருந்து நள்ளிரவில் கிளம்பி விடியற்காலையில் இறங்கினால், கப்பலுக்கு ஒரு முழுப் பகல் கையில் இருக்கிறது. அந்த விமானம் ரத்தானாலும் வேறு விமானம் பிடிக்க நேரம் மிஞ்சலாம். டிசம்பரில் அதே ஏற்பாடு சூதாட்டம். அன்றைக்கே போவதால் தலைக்கு 3,000 ரூபாய் வீதம் நான்கு பேருக்கு 12,000 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். கப்பலுக்குக் கட்டிய தொகை ஒன்றரை லட்சம் என்றும் வைத்துக்கொள்வோம். 12,000 ரூபாய்க்காக ஒன்றரை லட்சத்தைப் பணயம் வைப்பதைச் சிக்கனம் என்று எந்தக் கணக்கப்பிள்ளையும் சொல்ல மாட்டார்.

உண்மையான மிச்சம் வேறு இடத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் கப்பலுக்கு முன்பணம் கட்டிவிட்டு அப்புறம்தான் விமானம் தேடுகிறார்கள். அந்த நிமிடமே பேரம் கைவிட்டுப் போகிறது. தேதி பூட்டப்பட்டுவிட்டது, இனி விமான நிறுவனம் சொல்வதுதான் விலை. இந்த வரிசையைத் திருப்பிப் போடுங்கள். இரண்டு மூன்று கப்பல் தேதிகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் விமானக் கட்டணத்தைப் பார்த்த பிறகு கப்பலைத் தேர்ந்தெடுங்கள். சென்னையை மட்டும் பார்க்காமல் திருச்சி, கோவை, பெங்களூரையும் பாருங்கள். பெட்டிக் கட்டணத்தைச் சேர்த்தே ஒப்பிடுங்கள். திரும்பும் நாளில் கப்பல் காலையில் கரை சேர்ந்தாலும் எல்லாரும் இறங்கி முடிக்க நேரமாகும். மலிவாகக் கிடைக்கிறதே என்று காலை விமானத்தைப் பிடிக்காதீர்கள்.

பணம் கட்டுமுன் டிராவல்ஸ்காரரிடமோ உங்களிடமோ ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த விமானம் ரத்தானால், கப்பல் கிளம்புமுன் எங்கள் எல்லாரையும் கொண்டுபோய்ச் சேர்க்க அடுத்த விமானம் உண்டா? உண்டு என்றால் தயங்காமல் வாங்குங்கள். இல்லை என்றால் அந்த டிக்கெட் இனாமாகக் கிடைத்தாலும் விலை அதிகம்தான்.