மலைக்குப் போகுமுன்

நமது கல்லூரியின் ஜூபிலி ஆண்டினை எவ்வாறு கொண்டாடுவது என்னும் வினா அவுஸ்திரேலியாவில் வாழும் பழைய மாணவராகிய எம்மிடையே எழுந்தபொழுது, ஒரு மண்டபம், ஓர் இராப்போசனம், நான்கு சொற்பொழிவுகள் என்னும் பழைய விடையே முதலில் வந்தது. அத்தகைய இராப்போசனங்கள் பலவற்றை நாம் கண்டுள்ளோம். தந்தையர் ஒரு மேசையைச் சுற்றியிருந்து, மாணவர் விடுதிச் சாம்பாரிற் பருப்பைத் தேடிய கதையை இருபதாவது முறையாகச் சொல்லி நகைப்பர். பிள்ளைகளோ மண்டபத்தின் ஒரு கோடியிற் கைத்தொலைபேசிகளின் முன்னே தலைகவிழ்ந்திருப்பர். கல்லூரியின் பெயரை அவர்கள் அறிவர். அஃது எம்மை எவ்வாறு ஆக்கிற்று என்பதை அறியார். மண்டபத்திற் சொற்பொழிவினால் இதனை அறிவித்தல் இயலாதென்பது எமது துணிபு. ஆதலின், கல்லூரிச் சாரணர் படையிற் கயிறு முடியக் கற்ற சிலர், குடும்பங்களுடன் நான்கு நாள் பாசறை அமைத்துத் தங்கலாம் என்றனர். இடம், தென் அவுஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் மலைத்தொடர் என முடிவாயிற்று.

அம்மலைத்தொடரின் நடுவிலுள்ள வில்பீனா, அடிலெயிட் நகருக்கு வடக்கே ஏறக்குறைய 430 கிலோமீற்றர் தொலைவிலுள்ளது. செந்நிறப் பாறைகள் மடிப்புண்டு உயர்ந்து, ஏறக்குறைய 80 சதுரக் கிலோமீற்றர் பரப்பைச் சுற்றி மதில்போல் நிற்கின்றன. ஆங்கிலேயக் குடியேறிகள் இதனைக் கால்நடை அடைக்கும் பட்டி எனக் கண்டு அப்பெயரே இட்டனர். எரிமலை வாய் போலத் தோன்றினும் இஃது எரிமலையன்று. பழங்காலக் கடலடியிற் படிந்த மணல் பாறையாகி, வளைந்து, பின்னர்த் தேய்ந்து எஞ்சியதே இக்கோலம். இத்தொடரின் வடமேற்கேயுள்ள எடியக்காராக் குன்றுகளில் 1946 ஆம் ஆண்டில் ரெக் ஸ்பிரிக் என்னும் நிலவியலறிஞர் கண்ட மெல்லுடல் உயிர்ச்சுவடுகளினால், 2004 இல் உலக நிலவியற் காலக் கணக்கிலேயே ஒரு காலத்துக்கு அக்குன்றுகளின் பெயர் சூட்டப்பட்டது. கீரிமலை என்னும் பெயரை நம்பி மலை எதுவெனத் தேடி ஏமாந்த குடாநாட்டுப் பிள்ளைகளாகிய எமக்கு இத்தகைய மலையைக் காணும் ஆவல் மிகுதல் வியப்பன்று.

ஆவல் வேறு, ஆயத்தம் வேறு. திட்டமிடக் கூடிய முதற் கூட்டத்தில் மூன்று மணி நேரம் செலவாயிற்று. அதிற் பெரும்பகுதி, முதல் இரவிற் காய்ச்ச வேண்டியது மீன் கூழா, மரக்கறிக் கூழா என்பதிலும், புட்டுக்குழலை யார் கொண்டுவருவது என்பதிலும் கழிந்தது. நீரைப் பற்றிய பேச்சு ஐந்து நிமிடமும் நீடிக்கவில்லை. "அங்கே குழாய் இருக்கும்" என ஒருவர் கூற, ஏனையோர் தலையசைத்தனர். இதனையே நாம் இக்கட்டுரையிற் கண்டிக்கப் புகுகின்றோம். நல்லதண்ணீர்க் கிணறு, உவர்க்கிணறு எனப் பிரித்தறிந்து, துலாமிதித்து நீரிறைத்த பரம்பரையில் வந்த நாம், வறண்ட நாட்டுக்குப் போகும்போது நீரை மறந்தோம்! விருந்தைத் திட்டமிடுவதுபோற் பயணத்தைத் திட்டமிடல் ஆகாது. விருந்தில் எமது விருப்பம் முன்னிற்கும். இவ்வகை நாட்டில் நிலத்தின் விருப்பமே முன்னிற்கும்.

நிலத்தின் விருப்பத்தைக் கேளாதவர் கதி யாதாயிற்று என்பதை அறிய நூல்நிலையம் புகவேண்டியதில்லை. பயணப் பாதையின் ஓரத்திலேயே அது கல்லும் மண்ணுமாகக் கிடக்கின்றது. 1865 ஆம் ஆண்டிலே தென் அவுஸ்திரேலியாவின் தலைமை நில அளவையாளராகிய ஜோர்ஜ் கொய்டர் என்பார் பெரும் வரட்சியின்பின் குதிரைமீது ஊர்ந்து சென்று, உப்புப்புதர்கள் தொடங்கும் இடங்களை நோக்கி ஒரு கோடு வரைந்தார். அக்கோட்டின் வடக்கே மழையை நம்பிப் பயிர் செய்தல் கூடாதென்பது அவர் முடிபு. 1870களிற் சில ஆண்டுகள் நன்மழை பெய்யவே, ஏர் போகுமிடத்துக்கு மழையும் தொடர்ந்து வருமென்று சொல்லிக்கொண்டு உழவர் கோட்டைத் தாண்டினர், அரசும் இடங்கொடுத்தது. 1880களின் வரட்சி அவர்களைத் திருப்பியனுப்பிற்று. குவோர்ண் என்னும் ஊரிலிருந்து ஹோக்கர் செல்லும் வழியிற் கூரையிழந்து நிற்கும் கல்வீடுகளை இன்றும் காணலாம். அவ்வழியிலுள்ள கன்யாக்காப் பண்ணையை நிறுவிய ஹியூ புரோபி என்னும் இளைஞர் 1852 இல் மாண்டது தாகத்தினாலன்று. திடீரெனப் பெருகிய ஓடையைக் கடக்கப் புகுந்து நீரில் மூழ்கியே மாண்டார். வில்பீனாப் பட்டியினுள்ளே கோதுமை விளைத்துப் பார்த்த ஹில் குடும்பத்தாரின் முயற்சியையும் 1914 ஆம் ஆண்டின் பெருவெள்ளமே முடித்தது. மலையிடுக்கினூடாக அரும்பாடுபட்டு அவர்கள் அமைத்த பாதையை அவ்வெள்ளம் அடித்துச் சென்றது. நீரில்லாமையும் கொல்லும், நீர் வருகையும் கொல்லும் நாடு அது. உலர்ந்த ஓடைப் படுக்கை மெத்தைபோன்ற மணலோடு கூடாரத்துக்கு எத்துணை வாய்ப்பாகத் தோன்றினும், அங்கே ஆணி அறையலாகாது. ஓடைக்கரையிலுள்ள செம்மரங்களின் நிழலும் அவ்வாறே. காற்றில்லாத நாளிலும் அவை பெருங்கிளைகளை முறித்து வீழ்த்தும்.

காலத்தைத் தெரிவதிலும் எம்மவர் கனவுக்கு இடங்கொடுத்தனர். ஒரு பெரியவர், தை மாதத்திற் சென்று மலையடிவாரத்திற் பொங்கலிடலாம் என்றார். எத்துணை அழகிய எண்ணம்! செங்குன்றின்மீது ஞாயிறு எழ, அதன்முன்னே பால் பொங்கும் காட்சியை யாரும் விரும்புவர். ஆனால் தென்பாதியுலகில் அது கடுங்கோடை. வெயில் 40 பாகையைத் தாண்டுதல் அங்கு அரிதன்று. காட்டுத்தீக்கு அஞ்சி விறகெரித்தலும் அக்காலத்தில் அவ்வனத்தில் முற்றாக விலக்கப்பட்டுள்ளது. அடுப்பில்லாத பொங்கலை யாரும் பொங்கியதில்லை. சித்திரை முதல் ஐப்பசி வரையுள்ள காலமே தக்கதென்பதால், செப்டெம்பர் இறுதியில் வரும் பாடசாலை விடுமுறையைத் தெரிந்தோம். அப்பொழுதும் இராக்குளிர் மார்கழி நுவரெலியாவை நினைவூட்டும். குழந்தைகளுக்குக் கம்பளிப் போர்வை வேண்டும். தீ மூட்ட இசைவுள்ள காலத்திலும் வனத்தில் விறகு பொறுக்கல் குற்றமாகும். விறகை வெளியே வாங்கியே கொண்டுசெல்ல வேண்டும். பட்ட மரமும் அங்கே ஏதோவோர் உயிரின் வீடு.

இரண்டாம் கூட்டத்தில் நாம் கணக்கெடுத்தோம். 23 பேர், நான்கு நாள், ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து லீற்றர், ஆக 460 லீற்றர். வில்பீனா விடுதிப் பகுதியில் நீர்க்குழாய் உண்டு என்பது மெய்யே. ஆயின் நாம் முன்பதிவு செய்திருப்பது அப்பாலுள்ள காட்டுப் பாசறையிடத்தை. அங்கே நீருண்டென நம்பிச் செல்லலாகாது. கூழ்ப்பானையைக் கழுவும் நீர் இக்கணக்கில் அடங்கவில்லை என்பதைக் கூழ்ப் பிரியர்கள் கவனிக்க. ஹோக்கருக்கு அப்பாற் கைத்தொலைபேசி பெரும்பாலும் ஊமையாகும். ஆதலின் செய்மதித் தொலைபேசி ஒன்றை வாடகைக்கு எடுக்கின்றோம். ஒவ்வொரு காருக்கும் பழுதற்ற மேலதிகச் சில்லொன்று வேண்டும். பொழுது சாயுமுன் பாசறை சேர வேண்டும். அந்தியிற் கங்காருக்களும் ஈமுக்களும் தெருவின் குறுக்கே பாயும். முன்னொரு முறை நாம் சிலராக அங்கு சென்று, வழியில் வடைக்கும் தேநீருக்கும் நின்று நின்று, இருளில் வந்து சேர்ந்து, கூடாரத்தின் கம்புகளை வீட்டிலேயே மறந்துவிட்டதை அங்கே கண்டு, காரினுள் நால்வர் விறைத்திருந்த இரவை இங்கு விரித்துரைக்க விரும்பவில்லை.

இவையாவும் பட்டியலில் அடங்குவன. பட்டியலில் அடங்காத ஒன்றே எம்மைப் பிளவுபடுத்திற்று.

அம்மலை யாருடையது? அட்னியமத்தான மக்களுடையது, அவர்தம் மொழியில் அப்பெயர் மலைவாழ்நரைக் குறிக்கும். 2009 ஆம் ஆண்டில் அவர்களுடைய தொல்லுரிமையைச் சமஷ்டி நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. வனத்தின் நிருவாகத்தில் அவர்கள் இன்று பங்காளர். 2016 முதல் வனத்தின் பெயரே இக்காரா பிளிண்டர்ஸ் மலைத்தொடர் என வழங்குகின்றது. இக்காரா என்பது கூடுமிடம். பட்டியின் மதிலாக நிற்பன இரு பெருநாகங்களின் உடல்கள் என்பதும், தொடரின் மிக உயர்ந்த முடியாகிய சென் மேரி சிகரம் அவற்றுளொன்றின் தலை என்பதும் அவர்தம் தொல்வரலாறு. அச்சிகரத்தின் உச்சியில் ஏறாதிருக்குமாறு அவர்கள் வருவோரைக் கேட்டுக்கொள்கின்றனர். அது சட்டமன்று, வேண்டுகோள். ஏறினால் தண்டமில்லை, தடுப்பாரும் இல்லை.

எம்முள் இளையோரும் சில தந்தையரும் உச்சி ஏறவேண்டும் என்றனர். பதினாறு வயதுடைய மாணவனொருவன் ஆறு மாதமாக அதற்கென்றே நடைபயின்று வருகின்றான். சிவனொளிபாத மலையில் ஏறுதலே வழிபாடாயிருக்க, இங்கே ஏறாமை எவ்வாறு வழிபாடாகும் என்று அவன் கேட்டான். கேள்வி கூரியது, எள்ளி ஒதுக்கத்தக்கதன்று. ஒரு மலையை வழிபடும் முறையை அம்மலைக்குரியோரே வகுப்பர் என்பது எமது விடை. சிவனொளிபாதத்தில் ஏறுக என்றனர், ஏறினோம். திருக்கயிலையை வலம்வருவதேயன்றி யாரும் உச்சியில் மிதிப்பதில்லை. அம்மலையைக் காலால் மிதித்தலுக்கு அஞ்சிக் காரைக்காலம்மையார் தலையினால் நடந்து சென்ற வரலாற்றைச் சமயபாட வகுப்பிற் படித்துப் பரீட்சையிலும் எழுதிப் புள்ளி பெற்றோம். நயினாதீவிலே நாகபூஷணி அம்மன் சந்நிதியிற் செருப்பைக் கழற்றி நிற்கின்றோம். பிறர் வணங்கும் நாகத்தின் தலைமீது மட்டும் பாதரட்சையோடு ஏறிநின்று படமெடுப்போமாயின், சமயபாடத்தில் நாம் பெற்ற புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்தலே முறையாகும். எமது கோயில்களுக்குள் வேற்றவர் வந்து நடந்துகொண்ட விதங்களைப் பற்றி எம்மவர் எத்துணை நொந்து பேசுவர் என்பதையும் நாம் கேட்டுள்ளோம்.

சட்டம் தடுக்காதபோது நாமே ஏன் தடுத்துக்கொள்ள வேண்டும் என்றார் வழக்கறிஞராகிய ஒரு நண்பர். ஊளுறூப் பாறையில் ஏறாதிருக்குமாறு அந்நிலத்துக்குரியோர் பல்லாண்டு வேண்டினர். 1985 இல் நிலம் அவர்களிடம் மீண்ட பின்னரும் ஏறுவோர் ஏறினர். 2019 ஒக்டோபர் 26 ஆந் தேதி ஏற்றம் நிரந்தரமாக மூடப்பட்டது. மூடுமுன் இறுதி வாரங்களில் மலையேறக் காத்துநின்ற நீண்ட வரிசையைப் பத்திரிகைப் படங்களிற் கண்டோம். அவ்வரிசையில் எமது பிள்ளைகள் நிற்பதை நாம் விரும்பவில்லை. சட்டம் வந்தபின் நிற்பதற்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. வேண்டுகோளுக்கு நிற்பதே கடினம்.

இம்முடிபு மலையடியில் அன்றி, இப்பொழுதே, வீட்டிலிருந்து செய்யப்பட வேண்டும் என்பதே எமது வற்புறுத்தல். உச்சி கண்ணெதிரே நிற்க, கால்கள் துடிக்க, இருபது பேர் முன்னே செல்ல, அப்பொழுது ஒரு பிள்ளையை நோக்கி நில் என்றால் அவன் நில்லான். நின்றாலும் வெறுப்போடு நிற்பான். நீரைப்போலவே இதனையும் முன்கூட்டியே கணக்கிற் சேர்த்தல் வேண்டும். ஆகவே அம்மாணவனை அழைத்து, நடைப்பாதைப் படத்தை அவன் கையிலேயே கொடுத்தோம். உச்சிக்குக் கீழே தந்தேரா என்னும் கணவாய் வரை செல்வதற்குத் தடையேதும் வேண்டப்படவில்லை. அதுவே வியர்வை சிந்த வைக்கும் ஏற்றம். அங்கிருந்து திரும்பும் திட்டத்தை அவனே வரைந்தான். முதியோரும் சிறுவரும் மலையிடுக்கினூடாகச் சென்று, ஹில் குடும்பத்தாரின் பழைய வீட்டைக் கண்டு, வங்காராக் காட்சிமேடையிலிருந்து பட்டியின் உள்வெளியைப் பார்க்கலாம் என்பதும் அவன் கூறியதே. அவன் முழுமனத்துடன் உடன்பட்டான் என்று நாம் சொல்லமாட்டோம். கணவாயை அடைந்தபின் மீண்டும் பேசலாம் என்றான். பேசலாம் என்றோம்.

கொழும்பிலிருந்தும் மெல்பேணிலிருந்தும் வர விரும்பும் அன்பர்கள் ஆவணி முடியுமுன் செயலாளருக்கு எழுதுவார்களாக. வருவோர் ஒவ்வொருவருக்கும் மேலும் 20 லீற்றர் நீர் கணக்கிற் சேர்க்கப்படும். கம்பளியும் கூடாரமும் அவரவர் பொறுப்பு. கம்புகளை ஒருமுறை எண்ணிப் பார்க்க. மீன் கூழா, மரக்கறிக் கூழா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை.