கேட்காத காப்பீட்டுக்கு கிரெடிட் கார்டில் பணம் பிடிப்பதைத் தடுக்கக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
நுகர்வோர் நலச் சங்கம்,
மத்தூர், போச்சம்பள்ளி வட்டம்,
கிருஷ்ணகிரி மாவட்டம்.

பெறுநர்
1. மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், கிருஷ்ணகிரி.
2. மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர் அவர்கள், கிருஷ்ணகிரி.
3. மண்டல இயக்குநர் அவர்கள், இந்திய ரிசர்வ் வங்கி, ராஜாஜி சாலை, சென்னை.

பொருள்: கிரெடிட் கார்டு வைத்திருப்போரிடம் அவர்கள் கேட்காமலும் சம்மதிக்காமலும் கடன் பாதுகாப்புக் காப்பீடு என்ற பெயரில் பணம் பிடிப்பது – பிடித்த தொகையை வட்டியோடு திருப்பித் தரவும், இனி நடக்காமல் தடுக்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

மத்தூர் ஒன்றியத்தில் ஒரு தலைமுறைக்கு முன்பு வரை மாதச் சம்பளம் வாங்கிய குடும்பங்கள் குறைவு. மானாவாரி நிலம், மாந்தோப்பு, கறவை மாடு என்றுதான் பிழைப்பு ஓடியது. இன்று போச்சம்பள்ளி, பர்கூர், ஓசூர் சிப்காட் வளாகங்களுக்கு எங்கள் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறுகிறார்கள். எல்லை தாண்டி பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி வரை வேலைக்குப் போனவர்களும் உண்டு. சம்பளக் கணக்கு தொடங்கிய சில மாதங்களிலேயே கிரெடிட் கார்டும் கைக்கு வந்துவிடுகிறது. மருத்துவச் செலவு, பள்ளிக் கட்டணம், வண்டி பழுது என்று அவசரத்துக்கு உதவும் அந்தக் கார்டை நாங்கள் குறை சொல்லவில்லை. அதன் மீது யாருக்கும் தெரியாமல் ஏற்றப்படும் காப்பீட்டுத் தொகையைப் பற்றித்தான் முறையிடுகிறோம்.

நடப்பது என்ன

கார்டுக்காரர் இறந்தாலோ, விபத்தில் முடங்கினாலோ, வேலை இழந்தாலோ கார்டில் உள்ள பாக்கியைக் காப்பீட்டு நிறுவனம் கட்டும் என்பதே கடன் பாதுகாப்புக் காப்பீடு. விவரம் தெரிந்து, விரும்பி எடுப்பவருக்கு அதனால் பயன் இருக்கலாம். எங்கள் உறுப்பினர்கள் விரும்பி எடுக்கவில்லை.

ஒரு நிகழ்வைச் சொல்கிறோம். இரவு ஷிப்டு முடிந்து கம்பெனி பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்த பெண் தொழிலாளிக்கு ஓர் அழைப்பு வந்தது. "கார்டு டிபார்ட்மென்ட்டிலிருந்து பேசுகிறோம்" என்று தொடங்கி, பெயரும் பிறந்த தேதியும் சரிதானா என்று ஆங்கிலமும் கன்னடமும் கலந்து கேட்டார்கள். "எஸ்" என்றார். உங்கள் கார்டுக்கு ஒரு பாதுகாப்பு வசதி சேர்க்கிறோம், முதல் மாதம் கட்டணமில்லை என்று வேகமாகச் சொன்னார்கள். பஸ் இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. அதற்கும் "எஸ்" என்றே அவர் சொல்லியிருக்கக் கூடும். அடுத்த மாத ஸ்டேட்மென்ட்டில், மளிகைக் கடைக்கும் பெட்ரோல் பங்குக்கும் நடுவே சுருக்கெழுத்தில் ஒரு வரி இருந்தது: ரூ.1,499. அதன் கீழே ஜிஎஸ்டி ரூ.269.82. எந்தக் காப்பீட்டு நிறுவனம், எவ்வளவு தொகைக்குக் காப்பீடு, வாரிசு யார் என்று எதுவும் அதில் இல்லை. வாடிக்கையாளர் சேவை எண்ணைக் கூப்பிட்டபோது, "நீங்கள் சம்மதித்த குரல் பதிவு இருக்கிறது" என்றார்கள். அந்தப் பதிவைக் கேட்கத் தாருங்கள் என்றதற்கு இன்றுவரை பதில் இல்லை.

பிடிக்கும் வழிகள் வேறும் உண்டு. செயலியில் கடன் வரம்பை உயர்த்தும் பக்கத்தில் முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் ஒன்று. விண்ணப்பத்தின் பொடி எழுத்துகளுக்குள் ஒரு வாசகம். கார்டுக்கென்று அனுப்பிய ஓ.டி.பி.யையே காப்பீட்டுக்கும் சம்மதமாகக் கணக்கில் எடுப்பது இன்னொன்று. வங்கிகளின் பெயர்களை இப்பொதுமனுவில் எழுதவில்லை. உறுப்பினர்கள் தனித்தனியே தரும் விண்ணப்பங்களில் அவை உள்ளன.

சின்னத் தொகை, பெரிய சேதம்

ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கா இத்தனை பெரிய மனு என்று அதிகாரிகள் எண்ணலாகாது. இந்தத் தொகை பெரும்பாலும் பொருள் வாங்கியதைப் போலவே கணக்கில் ஏறுகிறது. ஆகவே வட்டியும் ஓடுகிறது. மேலே சொன்ன இரண்டும் சேர்ந்த ரூ.1,768.82க்கு மாதம் 3.5 விழுக்காடு வட்டி என்று வைத்துக்கொண்டால், வட்டி ரூ.61.91, வட்டி மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி ரூ.11.14. வட்டிக்கு வட்டி சேர்க்காமல் கணக்கிட்டாலே ஓராண்டில் ஏறத்தாழ ரூ.876 கூடுகிறது. அதாவது பிடித்த தொகையில் பாதி. பாக்கி முழுவதையும் கட்டாதவருக்குப் புதிதாக வாங்கும் பொருளுக்கும் வட்டியில்லாக் காலம் பறிபோகிறது.

"நான் வாங்காததற்கு ஏன் கட்ட வேண்டும்" என்று அந்தத் தொகையை மட்டும் நிறுத்தி வைத்தால் தாமதக் கட்டணம் விழக்கூடும். பிறகு கடன் தகுதியைக் காட்டும் சிபில் மதிப்பெண்ணும் இறங்கலாம். வீட்டுக் கடனுக்கோ, மாடு வாங்கும் கடனுக்கோ வங்கிப் படி ஏறும்போதுதான் அது தெரியவருகிறது. ஆகவே தவறு தன்னுடையது அல்ல என்று தெரிந்தும், பலர் வாய் மூடிக் கட்டிவிடுகிறார்கள்.

இவ்வளவு கொடுத்தும் பாதுகாப்பு கிடைக்கிறதா? வேலையிழப்புக் காப்பீடு பொதுவாக நிரந்தரப் பணியாளரை நினைத்தே எழுதப்படுகிறது. எங்கள் பகுதியில் கான்ட்ராக்டர் மூலம் வேலை செய்வோர் ஏராளம். கான்ட்ராக்ட் முடிந்து வெளியே அனுப்பப்படுவது அந்தக் காப்பீட்டின் கணக்கில் வேலையிழப்பாகவே சேராமல் போகலாம். அதைவிடக் கொடுமை இறப்புக் காப்பீட்டில் நடப்பது. காப்பீடு இருப்பதே குடும்பத்துக்குத் தெரியாது. கார்டுக்காரர் இறந்தபின் பாக்கி கேட்டு வீட்டுக்கு ஆள் வரும். பிரீமியம் பிடித்தவர்களே வசூலுக்கும் வருவார்கள். அந்தக் காப்பீட்டைக் கேட்டுப் பெறும் வழி வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. வாரிசு பெயர் கேட்காமல் போட்ட காப்பீட்டைப் பாதுகாப்பு என்று எங்களால் ஏற்க முடியவில்லை. அது வசூல் மட்டுமே.

எல்லைப் பகுதியின் தனிச் சிக்கல்

பெங்களூரில் வேலை பார்த்தபோது வாங்கிய கார்டுக்குக் கிளை கர்நாடகத்தில் இருக்கும். ஆள் மத்தூரில் இருப்பார். இங்குள்ள கிளைக்குப் போனால் "கார்டு கொடுத்த இடத்தில் கேளுங்கள்" என்பார்கள். அங்கே போனால் "கார்டு விஷயம் எங்களிடம் இல்லை, மெயில் அனுப்புங்கள்" என்பார்கள். ஒரு நாள் சம்பளத்தை இழந்து, பஸ் செலவும் செய்து அலைவதைவிடப் பணத்தை விட்டுவிடலாம் என்று தொழிலாளி முடிவெடுக்கிறார். விற்பனை அழைப்பும் குறைதீர்ப்பு எண்ணும் பல நேரம் தமிழில் இல்லை. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் ஊர் என்பதால் எந்த மொழியில் பேசினாலும் எங்களுக்குப் புரிந்துவிடும் என்று கருதுவது தவறு. சந்தையில் பேரம் பேசும் கன்னடம் வேறு, காப்பீட்டு நிபந்தனை புரியும் கன்னடம் வேறு.

சட்டம் எங்கள் பக்கம்

நாங்கள் புதிய சட்டம் கேட்கவில்லை. கிரெடிட் கார்டு மற்றும் டெபிட் கார்டு குறித்து ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 21 அன்று வெளியிட்டு, ஜூலை 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள் இதைத் தெளிவாகவே சொல்லியுள்ளன. கார்டோடு காப்பீடு தருவதானால் எழுத்து வழியிலோ மின்னணு வழியிலோ வெளிப்படையான சம்மதம் பெற வேண்டும். விபத்து மரணம், ஊனம் ஆகியவற்றுக்கான காப்பீட்டுக்கு வாரிசு விவரம் வாங்க வேண்டும். இழப்பீடு தரும் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர், முகவரி, தொலைபேசி எண்ணைக் கடிதமாகத் தர வேண்டும். கார்டு கொடுக்கும்போது தெரிவிக்காத, சம்மதம் பெறாத எந்தக் கட்டணமும் விதிக்கக் கூடாது. பில்லில் தவறு என்று புகார் தந்தால், 30 நாளுக்குள் விளக்கமும் தேவையானால் ஆவணச் சான்றும் தர வேண்டும். தகராறு நிலுவையில் உள்ள தொகையைப் பாக்கி என்று கடன் தகவல் நிறுவனத்துக்குத் தெரிவிப்பதில் கவனம் தேவை என்றும் அவை கூறியுள்ளன.

இதோடு, விற்கும் பொருள் வாங்குபவரின் நிலைக்குப் பொருந்த வேண்டும் என்பதை வாடிக்கையாளர் உரிமையாகவே ரிசர்வ் வங்கி 2014இல் அறிவித்தது. வாடிக்கையாளருக்குத் தெரியாமல் கூடையில் பொருள் சேர்ப்பது உள்ளிட்ட 13 ஏமாற்று வடிவங்களை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று தடை செய்தது. முன்கூட்டியே டிக் போட்ட கட்டம் அந்த வகையைச் சேர்ந்ததே. காப்பீட்டைத் தவறாக விற்பது வாடிக்கையாளரின் கடன் செலவை மறைமுகமாக உயர்த்துகிறது என்று 2024 நவம்பரில் மும்பையில் நடந்த வங்கியாளர் மாநாட்டில் மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அவர்களே எச்சரித்தார்.

கிரெடிட் கார்டு வட்டிக்கு 30 விழுக்காடு உச்சவரம்பு வைத்த தேசிய நுகர்வோர் ஆணையத்தின் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பை, அது ரிசர்வ் வங்கியின் அதிகார எல்லைக்குள் வருவது என்று கூறி உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்தது. அந்தத் தீர்ப்புக்குப் பின் கார்டுக்காரரைக் காக்கும் பொறுப்பு ரிசர்வ் வங்கிக்கு இன்னும் கூடியிருக்கிறது. அதனாலேயே இம்மனுவை அங்கும் அனுப்புகிறோம்.

மற்ற நாடுகள் இதைச் செய்து காட்டியுள்ளன. அமெரிக்காவில் அழைப்பு மையங்கள் வழியாகக் கடன் பாதுகாப்புத் திட்டங்களை ஏமாற்றி விற்றதற்காக, 2012 ஜூலையில் கேபிடல் ஒன் வங்கி சுமார் 20 லட்சம் வாடிக்கையாளருக்கு 14 கோடி டாலர் திருப்பித் தரும்படி அந்நாட்டு நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு அமைப்பு உத்தரவிட்டது. பிரிட்டனில் இதே வகைக் காப்பீட்டுக்காக வங்கிகள் திருப்பிக் கொடுத்த தொகை 3,800 கோடி பவுண்டைத் தாண்டியது. புகார் தர 2019 ஆகஸ்ட் 29 கடைசி நாளாக அறிவிக்கப்பட்டு, மக்களுக்குப் பரவலாக விளம்பரமும் செய்யப்பட்டது.

எங்கள் கோரிக்கைகள்

1. கார்டுக்காரர் புகார் தந்தால், அவர் சம்மதித்ததை நிரூபிக்கும் பொறுப்பு வங்கியுடையதாக இருக்க வேண்டும். 30 நாளுக்குள் குரல் பதிவையோ சம்மத ஆவணத்தையோ காட்டாவிட்டால் சம்மதம் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

2. சம்மதம் இல்லாத பிரீமியம், அதன் மீதான வட்டி, தாமதக் கட்டணம், வரி அனைத்தையும் வங்கியே திருப்பித் தர வேண்டும். தொழிலாளி மீண்டும் மீண்டும் விண்ணப்பிக்கும் நிலை கூடாது.

3. புகார் முடியும்வரை தகராறுக்குரிய தொகைக்கு வட்டி ஓடக் கூடாது. வசூல் ஆட்களை அனுப்பக் கூடாது. சிபில் உள்ளிட்ட நிறுவனங்களுக்குப் பாக்கி என்று தெரிவிக்கவும் கூடாது. ஏற்கெனவே தெரிவித்திருந்தால் திருத்த வேண்டும். திருத்தம் 30 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு என்ற ரிசர்வ் வங்கி விதியைக் கேட்காமலே நிறைவேற்ற வேண்டும்.

4. இனிக் காப்பீட்டுக்குத் தனி ஓ.டி.பி. அல்லது தனிக் கையெழுத்து வேண்டும். அந்தக் குறுஞ்செய்தி தமிழில் பிரீமியம், காலம், காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் மூன்றையும் சொல்ல வேண்டும். அழைப்பில் சொன்ன "எஸ்" மட்டும் சம்மதம் ஆகாது. விளம்பர அழைப்புக்கு ஒதுக்கிய 140 வரிசை எண்ணிலிருந்து வராத விற்பனை அழைப்பில் பெற்ற சம்மதம் செல்லாது என அறிவிக்க வேண்டும்.

5. ஸ்டேட்மென்ட்டில் சுருக்கெழுத்தைத் தவிர்த்து "காப்பீட்டு பிரீமியம்" என்று முழுமையாகவும் தனிப் பகுதியாகவும் காட்ட வேண்டும். நிறுத்தும் வழி அதே பக்கத்தில் இருக்க வேண்டும்.

6. கார்டு எங்கே வாங்கியதாக இருந்தாலும், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் உள்ள அந்த வங்கியின் எந்தக் கிளையும் புகாரை வாங்கி ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். புகார்தாரர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தந்துள்ளது. அந்த வசதி வங்கி வாசலிலும் வேண்டும்.

7. மாவட்ட ஆட்சியர் அவர்கள் தலைமை ஏற்கும் மாவட்ட ஆலோசனைக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இதைத் தனிப் பொருளாக வைக்க வேண்டும். ஒவ்வொரு வங்கியும் பெற்ற புகார், திருப்பித் தந்த தொகை ஆகியவற்றை மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கையாகக் கேட்டுப் பெற வேண்டும். வங்கிகளைத் தண்டிக்கும் அதிகாரம் ஆட்சியரிடம் இல்லை என்பதை அறிவோம். எனினும் மாவட்ட நிர்வாகம் கணக்குக் கேட்கத் தொடங்கினால் கிளைகள் பதில் சொல்லத் தொடங்கும்.

8. நிதிசார் கல்வி மையங்கள் வழியாக, போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையிலும் சிப்காட் வாயில்களிலும் ஷிப்டு மாறும் நேரத்தில் முகாம் நடத்த வேண்டும். ஸ்டேட்மென்ட்டைப் படிக்கவும், புகார் எழுதவும், 30 நாளில் தீர்வு கிடைக்காவிட்டால் ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடவும் அங்கே சொல்லித்தர வேண்டும். ரிசர்வ் வங்கியின் 14448, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 ஆகிய எண்களை ஒவ்வொரு கிளையிலும் தமிழில் எழுதி வைக்க வேண்டும்.

வங்கிகளுக்கு நாங்கள் எதிரிகள் அல்லர். வாங்கிய கடனை நாணயமாகக் கட்டும் ஊர் இது. வாங்காத ஒன்றுக்குக் கட்டச் சொல்வதைத்தான் எதிர்க்கிறோம். இரவு ஷிப்டில் நின்றுகொண்டே சம்பாதித்த பணத்தில் ஒரு ரூபாயை எடுப்பதானாலும் சம்பாதித்தவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

ஆகவே இம்மனுவைப் பதிவு செய்து, தனிநபர் விண்ணப்பங்களை அந்தந்த வங்கிகளுக்கு அனுப்பி, எடுத்த நடவடிக்கையை எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்திலோ அதிகாரிகள் அழைக்கும் வேறு எந்த நாளிலோ, ஸ்டேட்மென்ட்டுகளுடன் நேரில் வந்து விளக்கம் தர எங்கள் உறுப்பினர்கள் தயாராக உள்ளனர்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்

இடம்: மத்தூர்

நகல்: இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம், ஐதராபாத் – தகவலுக்கும் உரிய நடவடிக்கைக்கும்.